போகாமல் இருந்திருந்தால்…



எங்கள் தம்பி மௌத்தாகி ஓராண்டும் இரண்டு மாதங்களும் ஆகின்றன. வளைகுடா நாடொன்றில் பணியில் இருந்தவன். வயது நாற்பத்து மூன்று. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாது செய்து முடிக்கும் டிரையத்லான் என்னும் போட்டியில், முதற் பகுதியான ஒன்றரைக் கிலோமீட்டர் கடல் நீச்சலின் பாதியில் அவன் மூச்சு நின்றது. பாதுகாப்புப் படகில் இருந்தவர்கள் உடனே தூக்கினார்கள். கரையில் மருத்துவர்களும் முயன்றார்கள். அவனுக்குக் குறிக்கப்பட்ட நேரம் அதுவாக இருந்தது. இதை எழுதும் நாங்கள் அவனுக்கு மூத்தவர்கள், இரு அக்காமாரும் ஓர் அண்ணனும்.

துக்கத்தை இறக்கி வைப்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த நாள் முதல் எங்கள் வாசலுக்கு வந்தவர்களில் பலர் ஒரே வாக்கியத்தை வெவ்வேறு விதமாகச் சொல்லிச் சென்றார்கள். "இந்த வயதில் இதெல்லாம் தேவையா? போகாமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பான்." நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பதை உடனிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு பைக்காராவில். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வந்தால் நீர்த்தேக்கம் தெரியும். படகுச் சவாரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஓர் அழகிய ஏரி. எங்களுக்கோ அது அத்தாவின் வேலை. 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தில்தான் அத்தா ஓய்வு பெறும் வரை பணியாற்றினார். முக்குருத்தியில் பிறந்து வரும் ஆற்றுநீர் இங்கே தேங்கி, கிளன்மார்கனிலிருந்து குழாய்களில் மலைச்சரிவில் இறங்கிச் சிங்காராவில் மின்சாரமாவதை எங்களுக்குச் சிறு வயதிலேயே விளக்கியவர் அவர். நீரின் விசையை அறிந்தவர் ஆதலால், இந்த நீரில் கால் நனைக்கவும் எங்களை விட்டதில்லை. தம்பி நீந்தக் கற்றது மேட்டுப்பாளையத்தில், பள்ளி விடுமுறைகளில், மாமாவின் கண்காணிப்பில், பவானி ஆற்றில்.

செய்தி வந்த நாளில் நாங்கள் மூவரும் மூன்று ஊர்களில் இருந்தோம். இரவுக்குள் பைக்காரா வந்து சேர்ந்தோம். உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்ற கேள்வி எழுந்தது. பிரேதப் பரிசோதனைக்கும் காகிதங்களுக்கும் இரண்டு நாள்கள் போயின. ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்பதால் அங்கேயே அடக்கம் செய்ய அத்தா இசைந்தார். மண் தள்ள எங்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. கைப்பேசித் திரையில் பார்த்தோம்.

அம்மா கேட்ட முதல் கேள்வி எங்கள் எவருக்கும் தோன்றாதது. "தண்ணீரிலேயே போய்விட்டானே, அவனை மறுபடியும் குளிப்பாட்ட வேண்டுமா?" பள்ளிவாசல் ஹஜ்ரத் பொறுமையாக விளக்கினார்: குளிப்பாட்டுவது உயிரோடு இருப்பவர்கள் மீதுள்ள கடமை, நீர் தானாக நனைத்ததால் அது நிறைவேறாது. அங்கிருந்த நண்பர்கள் அதை முறையாகச் செய்தார்கள் என்று அறிந்தபின்தான் அம்மா ஒரு குவளைத் தேநீர் அருந்தினார்.

எங்கள் ஜமாஅத் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தது. உடல் முன்னே இல்லாமல் காயிப் ஜனாஸா தொழும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் கூடலூரில் தம்பியோடு படித்த மலையாளி நண்பர்கள் ஷாஃபிகள். அவர்கள் தங்கள் பள்ளியில் தொழுதுவிட்டு, ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத மலைப்பாதையில் போகவர வண்டியோட்டி எங்களைப் பார்த்துச் சென்றார்கள். மத்ஹப் வேறுபாடு ஓர் அருள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று அதைக் கண்ணால் கண்டோம்.

சில வாரங்களுக்குப் பிறகு தம்பியின் மனைவி இரு பிள்ளைகளோடு வந்தாள். விசாவின் காரணமாக அங்கே தங்க இயலாத நிலை. ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டு எஞ்சிய இத்தாவை எங்கள் வீட்டில் கழித்தாள். நான்கு மாதம் பத்து நாள் என்பது அவளுக்கு அமைதியாகத் துக்கம் காக்க மார்க்கம் தந்த காலம். அந்தக் காலத்தில்தான் அந்த வாக்கியம் அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. "நீ தடுத்திருக்கலாமே, மா."

அவள் தடுக்கவில்லை. மாறாக, ஊக்கப்படுத்தியவளே அவள்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவனுக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. உடம்பைக் கவனிக்கச் சொல்லி, விடியற்காலையில் எழுப்பி, சுப்ஹு தொழுதுவிட்டு நீச்சல் குளத்துக்கு அனுப்பியவள். எடை குறைந்தது, சர்க்கரை இறங்கியது. அந்தக் கேள்விக்குப் பின் பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவனின் நலத்துக்காகச் செய்த ஒவ்வொன்றையும் திரும்ப எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு குற்றமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது அத்தா குர்ஆனை எடுத்து ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 156ஆம் வசனத்தை அவளுக்கு ஓதிக் காட்டினார். பயணம் போன இடத்திலோ போரிலோ இறந்த தம் சகோதரர்களைப் பற்றி, எங்களோடு இருந்திருந்தால் செத்திருக்க மாட்டார்கள் என்று பேசியவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள் என்பது அதன் கருத்து. அந்தப் பேச்சு பேசியவர்களின் உள்ளத்திலேயே ஏக்கமாகத் தங்கிவிடும் என்றும் அந்த வசனம் சொல்கிறது. பல முறை ஓதிய வசனம்தான். "பயணம் போன இடத்தில்" என்னும் சொற்கள் எங்கள் வீட்டுக்காகவே இறங்கியவை போல் அன்று இருந்தன. முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸும் இதையே சொல்கிறது: ஒன்று நேர்ந்தபின் "இப்படிச் செய்திருந்தால்" என்னாதே, அந்தச் சொல் ஷைத்தானின் செயலுக்குக் கதவு திறக்கிறது.

இங்கே எங்கள் குடும்ப இளைஞன் ஒருவன் மறுத்துக் கேட்டான். "அப்படியானால் ஏன் இறந்தார் என்று ஆராய்வதே தவறா? எல்லாம் கத்ர் என்று விட்டுவிட வேண்டுமா?" நியாயமான கேள்வி. இமாம் புகாரி தம் தொகுப்பில் "இருந்தால்" என்ற சொல்லில் எவை ஆகும் என்பதற்கே தனித் தலைப்பு இட்டிருக்கிறார். நடந்ததை எண்ணி விதியோடு மல்லுக்கட்டுவது வேறு, இனி நடப்பதற்காகக் காரணம் அறிவது வேறு. அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் விடை. அந்த விடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் காரணத்தைத் தேடினோம்.

அறிந்தவை எங்களுக்கு ஆறுதலாகவே அமைந்தன. அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் இதய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் கெவின் ஹாரிஸும் குழுவினரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1985 முதல் 2016 வரை அந்நாட்டு டிரையத்லான்களில் நிகழ்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் திரட்டினார்கள். மொத்தம் 135 நிகழ்வுகள். அவற்றில் 90 நீச்சலில் நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 47. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, இதயத்திலோ அதன் குழாய்களிலோ கோளாறு இருந்தது. இவ்வளவும் பல இலட்சம் பங்கேற்புகளுக்கு இடையே. ஒரு இலட்சத்துக்கு இரண்டுக்கும் குறைவு. தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொண்டான் என்று இதைச் சொல்ல முடியாது. நீச்சல் கற்பது வீண் விளையாட்டில் சேராது என்ற கருத்தில் இமாம் நஸாயீயின் தொகுப்பில் ஓர் அறிவிப்பும் இருக்கிறது.

ஏன் நீச்சலில்? மருத்துவர்கள் பல காரணங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள். குளிர்ந்த நீர் மேலே பட்டவுடன் மூச்சு தாறுமாறாகிறது. முகம் நீரில் மூழ்குவது இதயத் துடிப்பைத் தாழ்த்த, போட்டியின் பரபரப்பு அதை உயர்த்த, ஒரே நேரத்தில் இரு ஆணைகள் இதயத்துக்குப் போகின்றன. மறைந்திருக்கும் கோளாறு அங்கே வெளிப்படலாம். சிலருக்கு நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. இருமலும் நுரைத்த சளியும் அதன் அறிகுறிகள். ஓட்டத்தில் மயங்கி விழுந்தவனைப் பக்கத்தில் வருபவன் பார்ப்பான். நீரில் மயங்கியவனைப் பார்க்கச் சற்று நேரம் பிடிக்கும். தம்பிக்கும் இதயத்தில் முன்பே அறியப்படாத ஒரு தடிப்பு இருந்ததாக அறிக்கை வந்தது. அவன் மனைவிக்கு அதைப் படித்துக் காட்டினோம். இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று இரவு தூங்கினாள்.

நம் நாட்டுக் கடலிலும் இது நேர்ந்ததுண்டு. 2024 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குத் தொடர் நீச்சலாக வந்த பெங்களூருக் குழுவில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து இறந்தார். குழுவினர் நீச்சலைக் கைவிட்டுப் படகில் கரை சேர்ந்தார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்தியவர் அவர். அத்தா அந்த நாளேட்டுச் செய்தியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார். "அவரைவிட நீச்சல் தெரிந்தவன் யார்?" என்று அம்மாவிடம் ஒரு மாலையில் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் "நீச்சல் சரியாகத் தெரியாமல் போய்விட்டானோ" என்று புலம்புவதை விட்டார்.

தம்பியோடு அதே நேரத்தில் நீரில் இறங்கிய நண்பர் ஒருவர் இரண்டு மாதம் கழித்து எங்களைத் தேடி வந்தார். அவர் நீந்தி முடித்து, சைக்கிள் ஓட்டி, ஓடி, கழுத்தில் பதக்கம் வாங்கிய பிறகே செய்தியை அறிந்தார். அந்தப் பதக்கத்தை எங்கள் வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் பத்து முழம் தள்ளித்தான் இருந்தார், நான் பார்க்கவில்லை" என்று அழுதார். துக்கம் இரத்த உறவோடு நிற்பதில்லை என்பதை நாங்கள் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல யாரும் போயிருக்க மாட்டார்கள். அம்மா அவருக்குச் சோறு போட்டு, "நீ பார்த்திருந்தாலும் அவனுக்கு எழுதியது அவ்வளவுதான், தம்பி" என்றார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினோம்.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளில் சேர்வார் என்னும் ஹதீஸ் எங்களைத் தாங்கிய பெரிய ஊன்றுகோல். ஆனால் அதிலும் ஒருவர் வந்து, "அறிக்கையில் இதயம் என்றல்லவா இருக்கிறது? அது மூழ்கிய மௌத்து ஆகாதே" என்றார். ஹஜ்ரத்திடம் கேட்டோம். அந்த அந்தஸ்தைக் கொடுப்பவன் அல்லாஹ், காகிதம் பார்த்துக் கொடுப்பதில்லை. நீங்கள் துஆச் செய்யுங்கள் என்றார். தஃஸியாவுக்குப் போகும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபிக்ஹு நுணுக்கங்களை மூன்று நாள் வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்கள் குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்பச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். எங்களுக்கும் ஜமாஅத்துப் பெண்கள் மூன்று நாள் சமைத்து அனுப்பினார்கள். அவர்களில் எவரும் எதையும் கேட்கவில்லை.

நாற்பதைக் கடந்து இத்தகைய போட்டிகளுக்குப் போகும் சகோதரர்களும் இதைப் படிக்கக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நபிமொழி. இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஈசிஜியோடு எக்கோவும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்குமுன் நீரில் இறங்கி உடம்பைப் பழக்குங்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்துக் கையை உயர்த்துங்கள். முன்னேறாமல் காவல் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறப் போட்டி விதிகளே இடம் தருகின்றன. அதில் வெட்கம் இல்லை. தந்தைக்கு இதயத் தடிப்பு இருந்ததால் தம்பியின் பிள்ளைகள் இருவரையும் நாங்களும் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். இருவருக்கும் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மூத்தவளுக்குப் பதினொரு வயது. சென்ற மாதம் தனக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அவள் தாய் எங்களைப் பார்த்தாள், நாங்கள் அம்மாவைப் பார்த்தோம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கும் குளம் ஒன்று கோயம்புத்தூரில் இருப்பதாக விசாரித்து வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறையில் சேர்க்க எண்ணம். அம்மா கேட்டது ஒன்றுதான். அங்கே தண்ணீர் இங்கே போலச் சில்லென்று இருக்குமா என்று.