நூலுக்குப் பெயரிட்ட கதை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் பணித்தபோது, கல்லூரி நாள்களின் நினைவுகளை எழுதுவதே முறை என்று எண்ணினோம். அவற்றை எம்மினும் வல்லார் பலர் எழுதுவர். ஆகவே, நம் கல்லூரியிற் கற்ற சூத்திரம் ஒன்றை நம்பிச் சென்று யாம் இடறிய கதையைச் சொல்லத் துணிந்தோம். ஆசான்மார் பொறுத்தருள்வாராக.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற யாம், அப்பக்கத்திலேயே தமிழ் கற்பித்து வருகின்றோம். தமிழாசிரியன் என்றால் ஊரார் கொடுக்கும் வேலைகளுள் பெயரிடுதல் ஒன்று. விளையாட்டுக் கழகத்துக்கும் புடைவைக் கடைக்கும் பெயர் சொல்லியிருக்கின்றோம். ஒரு முறை மீன்பிடி வள்ளத்துக்கும் சொன்னோம். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தடித்த கொப்பி ஒன்றோடு வீட்டுக்கு வந்து, "சேர், எங்கட புத்தகத்துக்கு ஒரு பேர் வேணும்" என்றான்.

புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்டோம். விளையாட்டைப் பற்றியது என்றான். நாலைந்து பேர் வட்டமாக அமர்வர். ஒருவன் கதை சொல்வான். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதையும் சொல்வதையும் தாமே தீர்மானிப்பர். வெற்றி தோல்வியை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். களம் கற்பனை நாடு; ஜின்னும் மந்திரவாதியும் அங்கே உண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974 இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முதனூல். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தமக்கென ஓர் ஆட்டத்தை வகுத்து, இப்போது அதற்கு ஒரு துணைநூலும் எழுதியிருந்தனர். கடலுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள ஒரு புதிய நாட்டை அது ஆட்டத்திற் சேர்த்தது. பெயர் கேட்டு வந்தது அத்துணைநூலுக்கே.

கொப்பியின் பின்னட்டையில் அவர்களே எழுதிய பெயர்கள் நிரையாக இருந்தன. 'இருள் சாம்ராச்சியம்', 'இரத்தக் கடல்', 'நிழல்களின் வேந்தன்' என்று இருபதுக்கு மேல். யாம் சிரிக்கவில்லை. எல்லாம் முழக்கமான பெயர்களே. ஆனால் எந்த நூலுக்கும் பொருந்துவன. 'இருள் சாம்ராச்சியம்' என்பதை இந்நூலினின்றும் எடுத்து வேறொன்றின் அட்டையில் ஒட்டினால் எவரும் அறியார். அவ்வாறு ஒட்ட முடிந்தால் அது பெயரன்று, அலங்காரம்.

அப்போது நம் கல்லூரியின் பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது. நன்னூற் பாயிரத்திலே, நூலுக்குப் பெயர் எவ்வாறு அமையும் என்பதைப் பவணந்தி முனிவர் வகுத்திருக்கின்றார். முதனூலால் வரும், செய்தவனால் வரும், அளவால் வரும், உள்ளே மிகுந்து நிற்பதனால் வரும், பொருளால் வரும், செய்வித்தவனால் வரும், தன்மையால் வரும், ஒரு காரணமுமின்றி இடுகுறியாகவும் வரும். தொல்காப்பியம் செய்தவனால் வந்தது. பன்னிரு படலம் அளவால் வந்தது. நன்னூல் என்பதோ தன்மையால் வந்தது. தன் நூலைத் தானே நல்லது என்ற துணிவை என்னென்பது!

இந்த அளவுகோலைப் பிள்ளையின் ஆட்டநூல்களில் வைத்துப் பார்த்தோம். வியப்பு! அமெரிக்க ஆட்டத்துக்கு 1975 இல் வந்த முதல் இரண்டு துணைநூல்கள் 'கிரேஹாக்', 'பிளாக்மூர்' என்பன. அவை இரண்டும் அவ்விருவரும் தத்தம் மேசையில் ஆடிய கற்பனை இடங்களின் பெயர்கள். 1977 இன் 'மொன்ஸ்டர் மனுவல்' பொருளால் வந்த பெயர். அட்டையைப் பார்த்தவுடன் உள்ளே பூதங்கள் என்று கடைக்காரனுக்கும் தெரியும். மூல ஆட்டத்தின் பெயரையோ கைகாக்ஸ் பல பெயர்களை எழுதிக் காட்டித் தம் சிறு மகளைக் கேட்டுத் தெரிவு செய்தார் என்பர். பவணந்தியார் சொல்லாத வழி அது.

துணைநூலுக்குப் பெயரிடுவதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அது தனித்தும் நிற்கவேண்டும், முதனூலோடு உள்ள உறவையும் காட்டவேண்டும். உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் நபிகளாரின் வாழ்வை முழுவதும் பாடி நிறைவுறவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் பாடியபோது அந்நூல் 'சின்னச்சீறா' எனப் பெயர் பெற்றது. 'சீறா' என்பது வரலாறு எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் வழி வந்தது. அதன்முன் நின்ற 'சின்ன' என்னும் ஒரு சொல், பெரியது ஒன்று முன்னே உண்டு என்பதையும் இது அதன் பிள்ளை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றது. இதைச் சொன்னபோது மாணவன் முகம் மலர்ந்தது. அவனுக்குத் தெரிந்த நூற்பெயர் அது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கொப்பியின் இறுதி அத்தியாயத்தைப் புரட்டினோம். அந்நாட்டின் துறைமுகத்தைக் கடல் எழுந்து விழுங்குகின்றது. எமக்கு உடனே பெயர் உதித்தது: 'கடல்கோள்'. பழந்தமிழ் மணம் கமழும் சொல். பாண்டியர் நாட்டைக் கடல் கொண்ட பழங்கதை தமிழ் கற்றார் நெஞ்சில் எழும். ஐந்தெழுத்துக்குள் வேறென்ன வேண்டும்? கொப்பியின் மேலட்டையில் எம் கையாலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் அவன் திரும்பி வந்தான். முற்றத்திலேயே நின்றான்.

"சேர், பேர மாத்தலாமா?"

காரணம் கேட்டோம். முதலிற் சொல்லவில்லை. பின்னர்ச் சொன்னான். மூத்தம்மா கொப்பியைக் கண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். வாசித்துக் காட்டினானாம். அப்படியென்றால் என்ன என்றாராம். சொன்னானாம். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று படுத்துக்கொண்டாராம். பகலுணவும் உண்ணவில்லையாம்.

2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று காலை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த மூத்தம்மாவின் இளைய மகளும் அவருள் ஒருத்தி. மாணவன் அதற்குப் பின் பிறந்தவன்; மாமியைப் படத்தில் மட்டும் கண்டவன். யாமோ பின் பிறந்தவரல்லேம். ஆயினும் அன்று யாம் ஊரில் இருக்கவில்லை. மலைநாட்டில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தோம். மூன்று நாள் கழித்து வந்து கண்டதை இங்கே எழுதப்போவதில்லை. கண்ட பின்னரும் 'கடல்கோள்' எமக்கு ஏட்டுச் சொல்லாகவே இருந்துவிட்டது என்பதை மட்டும் எழுதுகின்றோம்.

அன்றிரவு நன்னூலை மீண்டும் எடுத்தோம். சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டும் என முனிவர் சொன்னவை எட்டு. நூற்பெயர் அவற்றுள் ஒன்று. கேட்போர் என்பதும் அதே நிரலிலேதான் இருக்கின்றது. இருபது ஆண்டாக இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கச் செய்து வந்திருக்கின்றோம். அமெரிக்கருங்கூட இதை அறிந்து பெயர் மாற்றியதுண்டு. 1980 இல் 'டீட்டீஸ் அன்ட் டெமிகாட்ஸ்' என வந்த நூலின் பெயர், சமயப் பற்றுடையோர் இவ்வாட்டங்களை வெறுத்துப் பேசிய காலத்தில், 1985 இல் 'லெஜன்ட்ஸ் அன்ட் லோர்' என மாறியது. அட்டையும் பெயரும் புதியன, உள்ளடக்கம் பழையது.

மறுநாள் அவனுடன் அவன் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கவே சென்றோம். அதற்கு அவர் இடம் தரவில்லை. "நீங்க என்ன மனே செய்வீங்க, படிச்ச சொல்லச் சொன்னீங்க" என்று தேநீர் தந்தார். அச்சொல் எம்மைச் சுட்டது. பேச்சை மாற்ற எண்ணி, பேரன் எழுதிய கதையைச் சொன்னோம். அந்நாட்டில் ஒவ்வோர் இரவும் ஆட்டக்காரர் காட்டோரத்தில் ஓர் உயர்ந்த இடத்தில் ஏறிக் காவல் இருப்பர். அதற்கு அவன் 'காவற் கோபுரம்' என்று எழுதியிருந்தான்.

"அது கோபுரமில்ல. அட்டாளை" என்றார் மூத்தம்மா.

அவருடைய வாப்பா சேனை செய்தவர். யானைக்கும் பன்றிக்கும் பயந்து மரக்கொம்பிலே பரண் கட்டி இராக்காவல் இருந்தவர். அந்தப் பரணே அட்டாளை. அட்டாளை கட்டிக் காத்த சேனையே ஊர்ப்பெயராயிற்று என்பர். அஞ்சலுறையில் நாள்தோறும் எழுதும் பெயரை யாமும் அவனும் பொருளறியாமல் எழுதி வந்தோம். எரிந்துகொண்டே இருந்த காவல் நெருப்பையும், யானையைப் பெயர் சொல்லாமல் 'பெரியவர்' என்று அழைத்த வழக்கத்தையும் அவர் சொல்லச் சொல்ல, பையன் கொப்பியைத் திறந்துவிட்டான்.

'அட்டாளை' என்றே பெயர் வைத்தான். வீதிக்கு அப்பால் நிற்கும் நண்பனைப் பார்த்து, "அட்டாளை விளையாட வாறியா?" என்று கூவியும் பார்த்தான். வாய்க்கு இசைந்தது. இடத்தால் வந்த பெயரோ, பொருளால் வந்த பெயரோ என யாம் வகை தேடவில்லை.

இறுதி அத்தியாயத்தை அவன் நீக்கவில்லை. மாற்றி எழுதினான். கடல் உள்வாங்குவதை அட்டாளையில் இருப்பவன் முதலிற் காண்கின்றான். அதன்பின் ஆட்டம், துறைமுகம் விழுவதைப் பற்றியதன்று. எத்தனை பேரை அழைத்து வந்து ஏற்றலாம் என்பதைப் பற்றியது. அதற்கு விதி எழுத ஓர் எண் தேவைப்பட்டது. மூத்தம்மாவிடமே கேட்டிருக்கின்றான். அவர் சற்று நேரம் விரல்விட்டு எண்ணினாராம். போட்டோப் பிரதியெடுத்து விநியோகித்த நூலின் இருபத்தெட்டாம் பக்கத்தில் அவ்விதி அவர் சொன்னபடியே இருக்கின்றது: ஓர் அட்டாளையில் ஆறு பேர், பிள்ளைகள் என்றால் எட்டு.