மது தொடாத கல்லீரலுக்கும் ஆபத்துண்டு

 

"மதுவைத் தொடாதவர்கள் நாம், நமக்குக் கல்லீரல் நோய் எங்கிருந்து வரும்?" என்று எங்கள் தருமபுரிப் பக்கத்தில் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைப் பல்லாண்டுகளாக உடலில் சுமந்து வாழ்பவன் என்ற முறையில், அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதனை அறியார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும், தாம்பத்திய உறவாலும், ஊசி, சவரக்கத்தி, கத்னாக் கருவி ஆகியவற்றில் படிந்த இரத்தத்தாலும் இது பரவும். ஒரே சஹனில் உண்பதாலோ முஸாஃபஹா செய்வதாலோ பரவாது. ஆகவே, நோயாளியை விருந்திலிருந்து விலக்குவது அறியாமையே.

இக்கிருமி, கல்லீரல் சுருங்காத நிலையிலும் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அதனுடன் நீரிழிவும் பருத்த வயிறும் சேருமானால் ஆபத்து மிகும். தேவைக்கு மிஞ்சிய இனிப்பும் மாவுப் பண்டமும் கல்லீரலில் கொழுப்பாகப் படிகின்றன. உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கும்போது இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்து, செல்கள் பெருகத் தூண்டுகிறது. கிருமியால் புண்பட்டுப் புண்பட்டு ஆறும் கல்லீரலுக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெயாகும்.

டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் கிருமியை அடக்கும். சர்க்கரையையும் இடுப்பளவையும் குறைப்பதில்லை. அதனால்தான் ஆறு மாதத்திற்கொருமுறை நான் ஸ்கேன் எடுக்கச் செல்லும்போது, மருத்துவர் என் இடுப்பையும் அளக்கிறார். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை அது தாண்டலாகாது.

காமாலை என்றதும் நாம் தேடுவது கீழாநெல்லியை. இக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, சென்னையின் தியாகராஜன் குழுவினர் 1988இல் வெளியிட்ட கீழாநெல்லி ஆய்வு பெரும் நம்பிக்கையளித்தது. பிற்கால ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. எனவே மூலிகையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் சீறியெழக்கூடும். ரமளானில் அதனை எந்நேரத்தில் உட்கொள்வதென்று நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இஃப்தாரில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதுமே. சர்பத்தும் சமோசாவும் நாள்தோறும் எதற்கு?

குடும்பத்தார் அனைவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போடுங்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தால் சர்க்கரையையும் சோதியுங்கள்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மதுவை விலக்கி அதனைக் காத்தோம். மிகையுணவை விலக்கியும் காப்போமாக. ஆமீன்.