சிவப்பு நிறம் காட்டிய சிறு கண்ணாடி

மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காக 2023 ஆம் ஆண்டு கனடாவுக்குச் சென்றிருந்தேன். செப்டெம்பர் மாத இறுதியில் மேப்பிள் இலைகள் நிறம் மாறும் அழகைக் காட்டுவதற்கென மருமகன் எங்கள் எல்லோரையும் அல்கொங்குவின் வனப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். 1893 இல் அமைக்கப்பட்ட பழமையான பூங்கா அது. ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலத்திற்குச் சற்று அதிகமான பயணம். மருமகன் வாங்கி வைத்திருந்த ட்ரெய்லர் வீட்டை அவருடைய பிக்கப் வாகனம் இழுத்து வந்தது. அந்த வீட்டிலே கட்டில்கள், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை என்று சகலமும் உண்டு. கொழும்பில் நான் திருமணம் முடித்த புதிதில் வாடகைக்கு இருந்த அறையைவிட அது வசதியானது என்று சொன்னால் மிகையில்லை.

நாங்கள் தங்கிய இடத்தில் மின்சார இணைப்பு இல்லை. விளக்குகளுக்கும் சூடாக்கியின் விசிறிக்கும் பற்றரி. மற்ற யாவும் முன்புறத்தில் பூட்டப்பட்டிருந்த இரண்டு சிலிண்டர்களை நம்பியே இருந்தன. சமைப்பதும் வெந்நீர் போடுவதும் இரவில் குளிர் காய்வதும் புரொப்பேன் வாயுவினால்தான். குளிர்சாதனப் பெட்டிகூட அதில்தான் இயங்குகிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சிறு சுடரொன்று எரிந்து பாலையும் இறைச்சியையும் குளிர வைக்கிறது என்பதை இன்றைக்கும் என் மனம் முழுமையாக ஏற்றுக்கொள்ள மறுக்கிறது.

சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் இருபது இறாத்தல் வாயு கொள்ளக்கூடியவை. அதாவது ஒன்பது கிலோகிராம். நம் நாட்டு வீடுகளில் உள்ள 12.5 கிலோகிராம் சிலிண்டரைவிடச் சிறியவை. இரண்டுக்கும் நடுவே ஒரு ரெகுலேற்றர் இருந்தது. ஒரு சிலிண்டர் முடிந்ததும் அது தானாகவே மற்றதற்கு மாறிக்கொள்ளும். அதன் தலையில் உள்ள சிறு கண்ணாடி அப்போது பச்சையிலிருந்து சிவப்பாகும்.

"ஒண்டு முழுசா நிரப்பினது மாமா. மற்றது கோடையிலை கொஞ்சம் பாவிச்சது. நாலு நாளுக்குத் தாராளமாகக் காணும்" என்றார் மருமகன்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில் இளம் நிருபர் ஒருவர் "கொஞ்சப் பேர் கூடினார்கள்" என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பேன். மருமகனிடம் அப்படிக் கேட்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை பேரன் ஓடி வந்து, "அம்மப்பா, முன்னுக்கு இருக்கிற வட்டம் சிவப்பாப் போச்சுது" என்றான். அவனுக்கு ஏழு வயது. "சரி ராசா" என்று சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நூற்றாண்டு காலம் செய்தியை விற்றுப் பிழைத்தவன், காலடிக்கு வந்த செய்தியைக் கவனிக்காது விட்டேன்.

அதிகாலை மூன்று மணியளவில் குளிரில் விழித்தேன். சூடாக்கியின் விசிறி சுழன்றுகொண்டிருந்தது, வந்ததோ குளிர்ந்த காற்று. சிறிது நேரத்தில் அதுவும் நின்றது. வெளியே பூச்சியத்திற்குக் கீழே இரண்டு பாகை. எட்டு மாதப் பேத்தி சிணுங்கத் தொடங்கினாள். மருமகன் கைவிளக்குடன் வெளியே சென்று பார்த்துவிட்டு வந்து, "ரண்டும் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

அப்போது நான் ஒரு யோசனை கூறினேன். வெளியே முன்னிரவில் மூட்டிய விறகு நெருப்பில் இன்னும் தணல் இருந்தது. அதை ஒரு சட்டியில் அள்ளி உள்ளே வைத்தால் என்ன? நுவரெலியாவில் பனிக்காலத்தில் அப்படிச் செய்வதைக் கண்டிருக்கிறேன். ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசாத மருமகன், "வேண்டாம் மாமா, விடிய ஒருத்தரும் எழும்ப மாட்டம்" என்று உரத்துச் சொன்னார். அவர் சொன்னதே சரி. மூடிய அறையில் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையகத்தில் அவ்வாறு உறக்கத்திலேயே உயிரிழந்தவர்கள் பற்றிய செய்திகளுக்கு நானே தலைப்பு இட்டிருக்கிறேன். தலைப்பு இட்டவனுக்கு அது நினைவில் இல்லை. மகளும் பிள்ளைகளும் பிக்கப் வாகனத்தில் ஏறிச் சூடாக்கியைப் போட்டுக்கொண்டார்கள். நானும் மருமகனும் வெளியே நெருப்பை மீண்டும் மூட்டி, அருகில் அமர்ந்து விடியும்வரை கணக்குப் பார்த்தோம்.

ஓர் இறாத்தல் புரொப்பேன் எரிந்தால் 21,500 பி.ரி.யு. அளவு வெப்பம் கிடைக்கும். அந்தச் சூடாக்கி மணித்தியாலத்திற்கு முப்பதாயிரம் கேட்பது. அதாவது ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல். இடைவிடாது எரிந்தால் ஒரு சிலிண்டர் பதினான்கு மணித்தியாலத்தில் காலி. குளிர் இரவொன்றில் பாதி நேரம் அது எரிந்தாலே ஏழு இறாத்தல் போய்விடும். குளிர்சாதனப் பெட்டி அதன் முன்னே ஒரு குழந்தை. நாளொன்றுக்கு ஒன்றரை இறாத்தலுக்குள் அடங்கிவிடும். சமையல் அதைவிடக் குறைவு. நாங்களோ தேநீர்ச் சுடுதண்ணீரைச் சிக்கனப்படுத்திக்கொண்டு, இரவில் சூடாக்கியை இருபத்திரண்டு பாகையில் விட்டு உறங்கியிருந்தோம். முழுச் சிலிண்டர் மூன்றாம் நாள் மாலை முடிந்திருக்கிறது. அதைத்தான் பேரன் சொன்னான். மற்றதில் ஐந்து இறாத்தல்கூட இருந்திருக்காது.

தானாக மாறும் ரெகுலேற்றரின் வசதியே அதன் தீமையும். முதலாவது முடிந்தபோது எந்தச் சுடரும் அணையவில்லை. ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சிலிண்டரின் வால்வை மூடி வைப்பது மேல் என்பது என் கட்சி. முதலாவது முடிந்தால் அடுப்பு அணையும், எழுந்து போய்த் திறக்க வேண்டி வரும், இருப்பும் தெரியவரும். மருமகன் இதை ஏற்கவில்லை. நடு இரவில் யார் எழும்புவது என்பது அவருடைய வாதம்.

காலையில் பூங்காவுக்கு வெளியே நிரப்பும் நிலையம் ஒன்றுக்குப் போனோம். அங்கிருந்த இளைஞன் நிரப்பத் தொடங்குமுன் சிலிண்டரின் கழுத்து வளையத்தில் பொறித்திருந்த திகதியைப் படித்தான். கனடாவில் பத்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை சிலிண்டரைப் பரிசோதித்து மறுமுத்திரை இட வேண்டும். எங்களுடையதில் ஒன்று தவணை கடந்தது. அதை நிரப்ப மறுத்துவிட்டான். மற்றதில் சிறிய திருகாணி ஒன்றைத் தளர்த்திவிட்டு நிரப்பினான். திரவம் எண்பது வீதத்தை எட்டியதும் அந்தத் துளையால் வெண்புகை போலச் சீறியது, உடனே நிறுத்தினான். வெயிலில் திரவம் விரிவதற்கு மீதி இடம் வேண்டும். பழையதைக் கொடுத்து வேறொன்றை மாற்றி எடுத்தோம். மாற்றிக் கொடுக்கும் சிலிண்டர்களில் எத்தனை இறாத்தல் என்று உறையில் படித்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் 2008 இல் பெரிய நிறுவனங்கள் அந்த அளவைப் பதினேழிலிருந்து பதினைந்தாகக் குறைத்தன. சிலிண்டரின் தோற்றம் மட்டும் மாறவில்லை.

அந்த வரிசையில் நின்றபோது என் மனம் கொழும்பில் இருந்தது. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நம் நாட்டுச் சமையலறைகளில் அடுப்புகளும் வாயுக் குழாய்களும் வெடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிலிண்டர்களில் புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டதே காரணம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. அச்செய்திகளை நான்தான் செப்பனிட்டேன். புரொப்பேன், பியூற்றேன் என்ற இரு சொற்களையும் பிழையின்றி அச்சிட்டேனே தவிர, வேறுபாடு என்னவென்று ஒரு வரி விளக்கம் சேர்க்கவில்லை. எனக்கே தெரியாது. புரொப்பேன் பூச்சியத்திற்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்து வாயுவாகும். பியூற்றேன் பூச்சியத்தை அண்டியவுடன் திரவமாகவே தங்கிவிடும். அதனால்தான் அந்தக் காட்டில் புரொப்பேன் வேண்டும். நம் ஊர்ச் சிலிண்டர் அங்கே அந்த இரவில் சரியாக எரிந்திருக்காது. அதே காரணத்தால் முப்பது பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூற்றேனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. நம் ரெகுலேற்றர்களும் குழாய்களும் எதற்குப் பழகியிருந்தன என்று அன்று ஒரு கேள்வி எழுப்பியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு, 2022 இல், வெற்றுச் சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வீதியோரம் வரிசையில் விட்டு இரவிரவாகக் காவல் இருந்தவர்களில் நானும் ஒருவன். அக்காள் அப்போது எனக்குக் கற்றுத் தந்த ஒரு வித்தையை மருமகனுக்குக் காட்டினேன். சிலிண்டரின் ஒரு பக்கமாகச் சுடுநீர் ஊற்றிவிட்டு உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவ வேண்டும். சூடு நின்று குளிர் தொடங்கும் இடம்வரை வாயு இருக்கிறது. இதைவிடத் திட்டமானது நிறுத்துப் பார்ப்பது. வெற்றுச் சிலிண்டரின் எடை கழுத்து வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழித்தால் மீதி வாயு.

கடைசி இரவு சூடாக்கியைப் பதினாறு பாகைக்கு இறக்கி, எல்லோரும் கம்பளி மேலங்கியுடன் உறங்கினோம். வட்டத்தைப் பார்க்கும் பொறுப்பைப் பேரனிடம் ஒப்படைத்திருந்தேன். இருட்டிய பின்னும் கைவிளக்குடன் இரண்டு முறை போய் வந்து, "பச்சை" என்று அறிவித்தான். வீடு திரும்பியதும் மருமகன் குளியலறைத் தராசை எடுத்து வந்தார். நிரப்பிய சிலிண்டரில் பன்னிரண்டு இறாத்தல் மீதி இருந்தது. அதை அவர் ஒரு துண்டுக் கடதாசியில் திகதியுடன் எழுதிச் சிலிண்டரின் கழுத்தில் ஒட்டினார்.