ஒரு பிடி தாதுக்கலவை

பன்வில மலைச்சரிவுகளில் லயத்தை ஒட்டிய பட்டியில் ஓரிரு மாடு வைத்திருப்போர், மாடு மெலிந்தாலோ பருவத்துக்கு வராமல் போனாலோ தாதுக்கலவையை ஒரு பிடி கூட்டிப் போடுவது வழக்கம்; ஆனால் செப்பு, நாகம், கோபாற்று, செலனியம் என, மிகச் சிறிதளவே தேவைப்படுவதால் சுவட்டு மூலகங்கள் எனப்படுபவை ஒன்றையொன்று மறிக்கும் இயல்புடையவை ஆதலால், தீவனத்தில் ஒன்று எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அதனோடு வேறென்ன உள்ளே போகிறது என்பதே முக்கியமாகிறது.

இதற்குச் செப்பே தெளிவான சான்று. உலர்தீவனத்தில் கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம் செப்பு மாட்டுக்குப் போதும். ஆயினும் பெருவயிற்று நுண்ணுயிர்கள் கந்தகத்தைச் சல்பைட்டாக மாற்ற, அது மொலிப்டினத்தோடு கூடித் தயோமொலிப்டேற்று என்னும் சேர்மமாகி, குடல் உறிஞ்ச முடியாதபடி செப்பைப் பிடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் சமர்செற் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் ஓயாமல் கழிந்ததற்கு மொலிப்டினமே காரணம் என்பது 1938இல் வெளிவந்தது. செப்பு, மொலிப்டினத்தின் இரு மடங்குக்குக் கீழே போனால் ஆபத்து என்பது பின்னர் நிலைத்த கணக்கு.

பன்விலவில் அந்தக் கணக்கைத் தேயிலைச் செய்கை குழப்புகிறது. மண்ணின் புளிப்பைத் தணிக்கக் கவ்வாத்தை ஒட்டி இடப்படும் டொலமைற்று (அருகே திகனையில் வெட்டப்படுவதுதான்) மொலிப்டினத்தைப் புல்லுக்கு எளிதாக்கிக் கோபாற்றையும் மங்கனீசையும் அரிதாக்கும். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்கெனத் தெளிக்கப்படும் செப்பு மருந்தோ, தேயிலைக்குள் அறுத்த புல்லில் படிந்து எதிர்த்திசையில் வேலை செய்யும். மழைக்காலத்தில் கான் ஓரத்துப் புல்லின் அடியில் ஒட்டிவரும் செம்மண்ணும் ஒரு தடையே, ஏனெனில் அதிலுள்ள இரும்பும் செப்பை மறிக்கிறது. புற்கட்டை உதறிப் போடக் காசு செலவில்லை என்றாலும் அதைச் செய்வோர் குறைவு.

கறுப்பு மாட்டின் கண்ணைச் சுற்றி மயிர் வெளிறி, உடம்பு செம்பட்டையாவது செப்புக் குறைவுக்குப் பட்டியிலேயே தெரியும் அடையாளம். வெயிலாலும் மயிர் மங்கும் என்பதால் அது ஒன்றே போதாது. இரத்தப் பரிசோதனையும் முழுமையாக நம்பத்தக்கதன்று, ஈரலின் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்த பிறகே இரத்தத்தில் செப்பு குறைகிறது. ஆகவே புல் எந்த மலையில் அறுத்தது, அங்கே என்ன போட்டார்கள், என்ன தெளித்தார்கள் என்பதைக் கால்நடை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

மாட்டுக்கென விற்கும் கலவையைச் செம்மறிக்குப் போடவே கூடாது. வெள்ளாடு ஓரளவு தாங்கும்; செம்மறியின் ஈரலோ செப்பை மாதக்கணக்கில் சேர்த்துவைத்து ஒருநாள் இரத்தத்தில் கொட்டிவிட, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும்.