பழைய எஞ்சினும் புதிய விளக்கும்

மும்பையின் மாட்டுங்காப் பகுதியில் ரயிலோசை கேளாத வீடு அரிது. ஒருபுறம் மத்திய ரயில்வேயின் பாதை. மறுபுறம் மேற்கு ரயில்வேயின் பாதை. அருகிலேயே 1915இல் தொடங்கப்பெற்ற பெரிய பணிமனை. அங்கே ரயில் பெட்டிகளைச் செப்பனிட்டு ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் அலமாரியில், ஒரு சாண் நீளமுள்ள நீராவி எஞ்சின் ஒன்று நின்றது. சிறுவயதில் தந்தை வாங்கித் தந்தது. இங்கிலாந்தின் 'டிரையாங்' நிறுவனத்தார் செய்தது. பொம்மை என்றால் முதியவருக்குப் பிடிக்காது. 'மாதிரி' என்றே சொல்வார். பெயர்தான் நீராவி எஞ்சின். உள்ளே இருந்ததோ 12 வோல்ட் மின்சாரத்தில் சுழலும் சிறு மோட்டார்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஒருநாள் அதனைத் தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினாள். எஞ்சின் முனகியது, சூடேறியது, நகரவில்லை. அக்கால மோட்டார்களின் காந்தம் நாளடைவில் வலுவிழக்கும். அப்போது மோட்டார் மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும்; வண்டியை இழுக்கும் வலுவோ குறையும்.

"மோட்டாரை மாற்றிவிடலாமே, தாத்தா! முன்னால் ஒரு விளக்கும் வைக்கலாம்."

"மாற்றிவிட்டால் அப்பா தந்த எஞ்சின் என்று இதை எப்படி அம்மா சொல்வது?"

இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் நீலகிரி மலை ரயிலைப் பற்றித் தாமாகவே சொல்லத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவான எஞ்சின்கள் நிலக்கரியை எரித்து, பல்சக்கரத்தின் துணையால் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறிவந்தன. பின்னாளில் அவற்றுள் சில எண்ணெயில் எரியுமாறு மாற்றப்பட்டன. அதனால் அவை வேறு எஞ்சின்கள் ஆகிவிடவில்லை. அவரது பணிமனையிலும் அப்படித்தான். பழுதுபார்க்க வந்த பெட்டி திரும்பும்போது அதன் சக்கரம், இருக்கை, வண்ணம் யாவும் மாறியிருக்கும். எண் மட்டும் பழையதே.

மறுநாள் இருவரும் லேமிங்டன் சாலைக்குச் சென்று மோட்டாரும் எல்.இ.டி. விளக்கும் வாங்கினர். புதிய மோட்டார் சிறியது. அதன் தண்டிலுள்ள திருகு, அச்சிலுள்ள பல்சக்கரத்தோடு அளவாகப் பொருந்த வேண்டும். நெருங்கினால் இறுகும், விலகினால் பல் தேயும். தகட்டுத் துண்டொன்றை அரத்தால் அராவிப் பார்ப்பதும் பொருத்திப் பார்ப்பதுமாக இரண்டு நாள் கழிந்தன. அந்த இரண்டு நாளும் அவர் வேளைக்கு உண்ணவில்லை என்று வீட்டில் குறை சொன்னார்கள்.

பற்றவைக்க அவர் கை நடுங்கியது. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் கைப்பேசி பழுதுபார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவர் உதவினார். "பன்னிரண்டு வோல்ட்டை நேராகக் கொடுத்தால் விளக்கு கருகிவிடும், ஐயா" என்று இடையில் 1,000 ஓம் மின்தடை ஒன்றை இணைத்தார். எல்.இ.டி. ஒரு திசை மின்னோட்டத்தில் மட்டுமே எரியும். ஆகவே எஞ்சின் முன்னே செல்லும்போது மட்டும் விளக்கு ஒளிரும். எதிர்த்திசை மின்னழுத்தம் அதனைத் தாக்காதிருக்க ஒரு டையோடையும் சேர்த்தார். கூலி பேசியபோது, "ஓடினால் சொல்லுங்கள், அது போதும்" என்றார்.

அன்றிரவு அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் பேத்தி விசையைத் திருகினாள். முகப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. எஞ்சினோ பின்னோக்கி ஓடியது!

முதியவர் விழுந்து விழுந்து சிரித்தார். மோட்டாரின் இரு கம்பிகளும் இடம் மாறியிருந்தன. மறுநாள் மாலை அவற்றை மாற்றி இணைத்ததும், எஞ்சின் விளக்கை ஏந்தியபடி நாற்காலிக் கால்களுக்கிடையே முன்னோக்கி ஓடியது. தண்டவாளத்தில் அழுக்குப் படிந்த இடங்களில் மட்டும் விளக்கு கண் சிமிட்டியது. பேத்தி அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே போனாள்.

பழைய மோட்டாரை அவர் எறியவில்லை. ஒரு துளி எண்ணெய் இட்டுத் தகர டப்பாவில் வைத்தார். பிறகு எஞ்சினைக் கவிழ்த்து, பெட்டிகளின் மீது பணிமனையில் எழுதிவந்தது போலவே, செப்பனிட்ட மாதத்தையும் ஆண்டையும் மெல்லிய தூரிகையால் வெள்ளை வண்ணத்தில் எழுதினார்.