வைக்காமல் விட்ட இடம்

2022 மார்ச் முதல் வாரத்தில் எனக்கு உயர்தரப் பரீட்சை முடிந்தது. பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க மனம் வரவில்லை. கெலிஓயா டவுனில், கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியோரம், டோர்ச்சும் ரேடியோவும் ஸ்பீக்கரும் திருத்தும் சிறிய கடை ஒன்று இருந்தது. அங்கே போய் வேலை பழகக் கேட்டேன். கடைக்காரரை ஊரே நாநா என்றுதான் கூப்பிடும். அவர் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். "தம்பிக்கு மீட்டர் பிடிக்கத் தெரியுமா?" பௌதிகவியல் படித்த தைரியத்தில் தெரியும் என்றேன். "அப்ப நாளைக்கு வாங்க."

அந்த மாதத்தை இலங்கையில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். எண்ணெய் இறக்க நாட்டில் டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. வீடுகளில் அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த சார்ஜ் லைட்டுகளையெல்லாம் சனங்கள் இறக்கிப் பார்த்தார்கள். எரியாதவை நாநாவின் மேசைக்கு வந்தன. நான் போன முதல் நாளே ஒரு கூடை நிறைய இருந்தன.

முதல் பாடத்தைக் கை வழியாகத்தான் கற்றேன். அது பின்னால் இரண்டு முள் மடங்கி நிற்கும், நேரே சுவரில் குத்தி சார்ஜ் பண்ணும் மலிவு டோர்ச். குத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது, கழற்றினேன். கழற்றிய கையோடு அந்த முள் இரண்டையும் பிடித்துவிட்டேன். தோள்வரை இழுத்தது. சுவரை விட்டுக் கழற்றிய சாமானில் கரண்ட் எங்கே இருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நாநா ஏசவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு டோர்ச்சைத் திறந்து, மஞ்சள் நிறத்தில் தட்டையாக இருந்த ஒரு பாகத்தைக் காட்டினார். பாடப்புத்தகத்தில் நான் 'கொள்ளளவி' என்று படித்தது, கடையில் 'கெப்பாசிட்டர்'. சுவரில் வரும் 230 வோல்ட்டைக் குறைப்பதற்கு இந்த டோர்ச்சில் ட்ரான்ஸ்போர்மர் கிடையாது. 1 மைக்ரோ பரட் கெப்பாசிட்டர் ஒன்றுதான் குறுக்கே நின்று கரண்ட்டை மட்டுப்படுத்துகிறது. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வழியாக ஏறத்தாழ 72 மில்லி அம்பியர்தான் போகமுடியும்.  ஆனால் கழற்றும் கணத்தில் அது 325 வோல்ட் வரை தன்னுள்ளே பிடித்து வைத்திருக்கக்கூடும். நான் தொட்டது அதை.

"இதப் பாருங்க" என்று பலகையில் ஓரிடத்தைச் சுரண்டிக் காட்டினார். கெப்பாசிட்டருக்குப் பக்கத்திலேயே இரண்டு துளைகள், நடுவில் வெள்ளை மையில் 'ஆர் 1' என்று அச்சு. துளையில் ஒன்றும் இல்லை. "இதுல ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஒண்டு ஈக்கணும். ஈந்திருந்தா, கழட்டி அஞ்சு செக்கன்ல எல்லாம் வடிஞ்சிருக்கும். கீறினவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் எடம் விட்டிருக்கான். செஞ்சவன் வைக்கல்ல."

அன்று மாலை ஒரு சீஆர் கொப்பி வாங்கி, நடுவே கோடு இழுத்தேன். இடப்பக்கத்தில் 'பழுதானது', வலப்பக்கத்தில் 'வைக்காமல் விட்டது' என்று எழுதினேன். முதல் வரியில் இடப்பக்கம் 'பெட்டரி', வலப்பக்கம் 'ஆர் 1'.

அந்த டோர்ச்சின் பெட்டரி ஏன் செத்தது என்பது அடுத்த பாடம். உள்ளே இருப்பது 4 வோல்ட் ஈய அமிலப் பெட்டரி. கெப்பாசிட்டர் வழியாக வரும் கரண்ட், நேராக்கிய பிறகு, சராசரி 65 மில்லி அம்பியர் அளவில் அதற்குள் போய்க்கொண்டே இருக்கும். நிறைந்துவிட்டதா என்று பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஒழுங்காகக் கரண்ட் இருந்த காலத்தில் சனங்கள் அதை இரவு பகலாகச் சுவரில் குத்தியே வைத்தார்கள். உள்ளே இருந்த ஈரம் வற்றி, பெட்டரி வயிறு ஊதிச் செத்தது. மின்வெட்டு வந்ததும் நிலைமை தலைகீழானது. கரண்ட் இருக்கும் பதினொரு மணித்தியாலமும் குத்தி வைத்தாலும் 715 மில்லி அம்பியர் மணிக்கு மேல் ஏறாது. இரவில் மங்கி அணையும்வரை எரிப்பார்கள். ஈய அமிலப் பெட்டரியை 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கி அப்படியே விட்டால் தகட்டில் வெள்ளைப் படிவம் இறுகும். பிறகு அது சார்ஜ் பிடிக்காது. கூடினாலும் சாவு, குறைந்தாலும் சாவு. வாங்கியவர்கள் மேல் பிழையே இல்லை. அவர்களோ, "நாங்கதான் சரியாப் பாவிக்கல்ல போல" என்று தலை குனிந்து நிற்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மே 23ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பு தவுலகலப் பக்கத்து த்ரீவீல்காரர் ஒருவர் மகளின் மேசை லைட்டைக் கொண்டுவந்தார். போன் சார்ஜரில் குத்தும் வகை, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை படிக்க வேறு வெளிச்சம் இல்லை என்றார். நாநா அதை என் பக்கம் நகர்த்தினார்.

திறந்தேன். சிறிய லிதியம் பெட்டரி, மெல்லிதாக ஊதியிருந்தது. சார்ஜ் குத்தும் இடத்துக்கும் பெட்டரிக்கும் நடுவே ஒரேயொரு டயோட். வேறெதுவும் இல்லை. "எவ்வளவு போகுது எண்டு கேட்டுப் பாருங்க" என்றார் நாநா. மீட்டரால் அளப்பதை அவர் 'கேட்பது' என்றுதான் சொல்வார். கேட்டேன். 5 வோல்ட்டில் டயோட் 0.7ஐப் பிடித்துக்கொண்டால் மிச்சம் 4.3. பெட்டரி நிறைய நிறையக் கரண்ட் குறையும். கரண்ட் குறையக் குறைய டயோட் பிடிப்பதும் குறையும். பெட்டரியில் ஏறுவது இன்னும் கூடும். இந்த வகை லிதியம் பெட்டரி 4.2 வோல்ட்டில் நின்றுவிட வேண்டும். அதை ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கு தாண்டினாலே அதன் ஆயுள் கரையும், அதற்கு மேல் போனால் ஆபத்து. சோனி நிறுவனம் 1991இல் இந்த வகைப் பெட்டரியை முதன்முதலில் சந்தைக்கு விட்டது. அதைக் கண்டு வளர்த்த மூவருக்கு 2019இல் நொபெல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பேருடைய உழைப்பும் அந்த ஒரு டயோடில் வந்து வீணாகிக் கிடந்தது.

நாநா லாச்சியிலிருந்து கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பலகை ஒன்றை எடுத்தார். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வாங்கிவருவது. அதில் 'டீபீ 4056' என்ற சிப் இருக்கிறது. பெட்டரி மிகவும் இறங்கியிருந்தால் மெதுவாகத் தொடங்கும், 2.9 வோல்ட் தாண்டியதும் முழுக் கரண்ட் கொடுக்கும், 4.2ஐத் தொட்டதும் கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்து பத்திலொன்றில் தானாக நிற்கும். பக்கத்தில் இன்னொரு சிப், பெட்டரி 2.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் தொடர்பை அறுத்துவிடும்.

நான் அவசரமாக அதை ஈயம் வைத்து ஒட்டப் போனேன். நாநா கையைப் பிடித்தார். "பெட்டரிட சைஸப் பாத்தீங்களா?" புதிதாகப் போடவிருந்தது 500 மில்லி அம்பியர் மணிப் பெட்டரி. அந்தப் பலகை 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வருகிறது. அது 1 அம்பியர் கொடுக்கும். சின்னப் பிள்ளையின் வாயில் பெரிய கவளத்தைத் திணிப்பதுபோல. 1200ஐ ரெசிஸ்டரின் ஓம் பெறுமானத்தால் வகுத்தால் எத்தனை அம்பியர் என்று வரும். 5 கிலோ ஓம் வைத்தால் 240 மில்லி அம்பியர். அரிசிக் குறுணி அளவான அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க எனக்கு அன்று முக்கால் மணித்தியாலம் பிடித்தது. இரண்டைப் பறக்கவிட்டுத் தொலைத்தேன். மூன்றாவது உட்கார்ந்தது.

மூடுவதற்கு முன் நாநா நுனி மெல்லிய பேனையைத் தந்தார். "உள்ள திகதிய எழுதுங்க. என்ன வெச்சீங்க எண்டும் எழுதுங்க. நாளைக்குத் தொறக்கிறவன் தடுமாறப் படாது." மூடியின் உட்பக்கத்தில் '2022.05.07, 5 கி. ஓம்' என்று எழுதினேன். அந்தப் பிள்ளை பரீட்சை முடியும்வரை அந்த வெளிச்சத்தில்தான் படித்தாள் என்று தகப்பன் பிறகு சொன்னார்.

மின்வெட்டு ஓய்ந்த பிறகும் நான் கடையை விட்டுப் போகவில்லை. வரும் சாமான்களும் மாறின. புதிய நீள்வட்ட வாய் உள்ள, டைப் சீ என்கிற சார்ஜ் முறையில் ஸ்பீக்கர்களும் ட்ரிம்மர்களும் வந்தன. "பழைய வயர்ல சார்ஜ் ஆகுது, புது போனோட வந்த சார்ஜர்ல ஆகுதில்ல" என்று ஒரே மாதத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். இரண்டு பக்கமும் டைப் சீ உள்ள வயரில் மட்டும் அவை செத்ததுபோலக் கிடக்கும்.

காரணம் மறுபடியும் இல்லாத ஒன்றுதான். பழைய அகல வாய் சார்ஜரில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். புதிய வகை சார்ஜர், மறுபக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்த்த பிறகே கரண்ட்டை விடும். "இருக்கிறேன்" என்று பதில் சொல்வது 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர். வயரைப் புரட்டிக் குத்தினாலும் வேலை செய்ய, வாயின் இரண்டு கால்களுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று வேண்டும். மலிவுச் சாமான்களில் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். இதில் தவறுவது காசு மிச்சம் பிடிப்பவர்கள் மட்டுமல்ல. 2019இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற புகழ்பெற்ற சிறு கணினியின் முதல் பதிப்பில், இரண்டு கால்களையும் ஒரே ரெசிஸ்டரில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சில நல்ல வயர்களில் அது எழும்பவில்லை. பிறகு பலகையையே திருத்தி வெளியிட்டார்கள். இதை நாநாவிடம் சொன்னபோது, "திருத்தினாங்கதானே, அது பெரிய விசயம்" என்றார்.

அந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் வைப்பதுதான் என் கைக்கு நிதானத்தைக் கற்றுத் தந்த வேலை. கால்களின் இடைவெளி அரை மில்லிமீற்றர். மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் கை நடுங்கும் என்று நாநா சொல்லித் தந்தார். மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே அயன் நுனியை வைக்க வேண்டும்.

சும்மா கிடக்கும்போது சாமான் எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பதையும் அவர்தான் பழக்கினார். பெட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவே மீட்டரைப் புகுத்தி, சாமானை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். அணைத்த ஸ்பீக்கர் ஒன்று 2 மில்லி அம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. சின்னத் தொகைதான். ஆனால் ஒரு நாளைக்கு 48 மில்லி அம்பியர் மணி. 500 மில்லி அம்பியர் மணிப் பெட்டரி பத்து நாளில் வெறுமையாகும். பெருநாளுக்கு வாங்கி, ஒரு கிழமை பாட்டுக் கேட்டு, பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த மாதம் எடுத்தால் எழும்பாது. அதற்கு மருந்து பெட்டரி வயரில் ஒரு சாதாரண ஸ்விட்ச். அவ்வளவுதான்.

எதைத் திருத்தக் கூடாது என்பதும் தொழிலில் சேர்ந்தது. ஊதிய லிதியம் பெட்டரியை நாநா குத்தவும் மாட்டார், அமுக்கவும் மாட்டார். மணல் வாளிக்குள் வைத்துவிடுவார். '9900' என்று அச்சடித்த உருளைப் பெட்டரியை யாராவது கொண்டுவந்தால் தராசில் வைத்துக் காட்டுவார். 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள அந்த வகையில் நல்லது 45 கிராம் அளவில் இருக்கும். அதுவும் 3500 மில்லி அம்பியர் மணிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கொண்டுவந்தது பெரும்பாலும் 30 கிராமைக்கூடத் தாண்டாது. கையில் தூக்கிப் பார்க்கவிட்டு, "நீங்களே சொல்லுங்க" என்பார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் முழு நாட்டிலும் கரண்ட் போனது. அடுத்த சில நாட்களும் சுழற்சி முறையில் வெட்டினார்கள். மறுபடியும் அலுமாரிக்கு மேலிருந்த லைட்டுகள் இறங்கின. அந்தக் கிழமை ஒரு மேசை லைட் வந்தது. ஸ்விட்ச் தேய்ந்து இறுகவில்லை, வேறு பிழை இல்லை. ஸ்விட்சை மாற்றத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் என் கையெழுத்து, மை கொஞ்சம் மங்கி: '2022.05.07, 5 கி. ஓம்'.

பெட்டரியைக் கேட்டுப் பார்த்தேன். 4.18 வோல்ட். ஊதவில்லை. ஈயம் கொஞ்சம் கோணலாக இருந்த அந்த ரெசிஸ்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. நாநா எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பேனையை என் பக்கம் நகர்த்தினார். பழைய திகதிக்குக் கீழே புதிய திகதியை எழுதி மூடினேன்.