புதுப் புத்தகமா வாங்கிக் கொடுங்க

டொராண்டோவிலிருந்து சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கத்துக்கு வந்தவர் முதலில் பார்க்கத் துடித்தது தான் படித்த பள்ளியில் புத்தகங்கள் இருந்த பச்சை இரும்பு பீரோவை. பிறந்த வீடு விற்றுப்போய்ப் பல வருடங்களாகின்றன. அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. பீரோ இருக்கிறதா, அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கவலை. டொராண்டோவில் இருக்கும் முன்னாள் மாணவர்களிடமும் நண்பர்களிடமும் பள்ளி நூலகத்துக்காகப் பணம் கேட்டு வைத்திருந்தார். எதற்குக் கேட்டோம் என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

ஈச்சங்காட்டிலிருந்து வெள்ளக்கல் வரை மெட்ரோ ரயில் வேலை. 200 அடி சாலையின் இருபுறமும் அடுக்கு மாடிகள். அவ்வளவையும் ஆட்டோவில் கடந்து வந்துவிட்டார்.

பீரோ இருந்தது. அவர் படித்த காலத்தில் அது தலைமையாசிரியர் அறையில், பூட்டியே இருக்கும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் ஒன்று தொலைந்தாலும் தணிக்கையில் ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் தொலையாமல் இருப்பதற்கான ஒரே வழி, யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. பிள்ளைகள் பீரோவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தலைப்புகளை மட்டும் வாசிப்பார்கள். இப்போது அது ஒரு வகுப்பறையில், கதவு திறந்தே நிற்கிறது. ஆனால் உள்ளே வங்கித் தேர்வு கைடுகள், காலாவதியான கணினிப் பாடநூல்கள், அட்டை கிழிந்த ஆங்கில நாவல்கள், நுழைவுத் தேர்வு வினா வங்கிகள். வீடு மாற்றும்போதும் பொங்கலுக்கு முன் ஒழிக்கும்போதும் நல்ல மனதோடு பலர் கொண்டுவந்து இறக்கியவை.

அவருக்குக் கோபம் வந்தது. இளம் ஆசிரியை ஒருவர் சமாதானம் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. கொடுக்கறவங்க நல்ல மனசோடதான் கொடுக்கறாங்க. ஆனா மூணாங்கிளாஸ் பிள்ளை பேங்க் கைடை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? புதுப் புத்தகமா வாங்கிக் கொடுங்க. குறைச்சலா இருந்தாலும் பரவாயில்ல.”

பள்ளிக்கு ஊரே கொடுப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. கோவிலம்பாக்கத்தைப் போலவே அதுவும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் போடுவார்கள்: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை, புத்தகம். பிறகு அந்தப் பட்டியலை ஊர் முன் வைப்பார்கள். யார் எதை ஏற்றுக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றும் பல ஊர்களில் மேளதாளத்தோடு தட்டு ஏந்திப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோவது அந்த மரபின் தொடர்ச்சிதான். அந்த முறையின் பலம் பட்டியலில் இருந்தது. கொடுப்பவரிடம் மிஞ்சியதை அல்ல, பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 முதல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ சிறுவர் இதழ்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. பிள்ளைகள் கையில் கசங்கிப்போயிருந்தவை அவைதாம். பீரோவில் இருந்த கைடுகள் மொடமொடப்பாக அப்படியே இருந்தன.

அவர் பிள்ளைகளிடமே கேட்டார். பேய்க் கதை வேண்டும் என்றார்கள். கிரிக்கெட், ராக்கெட், பாம்பு என்றார்கள். ஒரு சிறுமி, “ஏரில வர்ற பறவை பேரெல்லாம் போட்ட புக்கு” என்றாள். ஒரு பக்கம் 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலம். இன்னொரு பக்கம் பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை வாழும் நன்மங்கலம் காடு. இரண்டுக்கும் நடுவே வளரும் குழந்தைக்குப் பூநாரையையும் நீலத் தாழைக்கோழியையும் பெயர் சொல்லிக் காட்ட அந்தப் பீரோவில் ஒரு புத்தகம் இல்லை. நாடு விட்டுப் போன அவருக்கு அதைக் கேட்டபோது நெஞ்சு உறுத்தியது. ஏரிக்கரையில் வளர்ந்தும் அந்தப் பெயர்களை அவரே வெளிநாட்டில்தான் கற்றுக்கொண்டார்.

தமிழில் நல்ல குழந்தை நூல்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலேயே தூலிகா பதிப்பகம் இருக்கிறது. பாரதி புத்தகாலயமும் நேஷனல் புக் டிரஸ்ட்டும் மலிவாகப் போடுகின்றன. சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவும் உண்டு.

பணம் வரும் வழியையும் ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் ஆகும். அதைப் பெற அனுமதியுள்ள அமைப்பின் வழியாகவே அனுப்ப வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. புத்தகங்களை முடிவுசெய்ய அவர்களையும் பிள்ளைகளையும் விடப் பொருத்தமானவர்கள் இல்லை.

அன்றிரவே டொராண்டோ நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினார். பெட்டி கட்டி யாரும் புத்தகம் அனுப்ப வேண்டாம். ஒரே முறை பெரிய தொகையும் வேண்டாம். கதைப் புத்தகம் நன்றாகப் படிக்கப்பட்டால் இரண்டு வருடத்தில் கிழியும், அதனால் ஆண்டுதோறும் ஜூன் மாதம் சிறு தொகை போதும். கிழிந்ததற்கு யாரும் ஆசிரியரிடம் கணக்குக் கேட்கக் கூடாது. கீழே பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலைப் படம் பிடித்துச் சேர்த்தார். பேய்க் கதைக்குத்தான் அதிக ஓட்டு.